பெருந்தொற்றுக் காலத்தில் ஆசிரியரின் பணிச்சோர்வு: கண்டறிவதற்கும் மீள்வதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24 அன்று பிளஸ் டூ மாணவர்கள் கடைசித் தேர்வை எழுதிவிட்டு வீடு திரும்பினார்கள். அன்று நள்ளிரவிலேயே நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு தொடங்கியது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் வந்து அமர்ந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில், பள்ளி மூடியிருக்கிறது, ஆசிரியர்கள் வீட்டிலிருந்தபடியே சம்பளம் வாங்குகிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. அதே காலத்தில் ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் மையங்களுக்கு முகக்கவசத்துடன் சென்றார்கள், பாடநூல்களை வழங்கினார்கள், கைபேசி இல்லாத பிள்ளைகளைத் தேடித் தெருத்தெருவாக நடந்தார்கள், 2021 ஏப்ரல் 6 அன்று வாக்குச்சாவடிகளில் அமர்ந்தார்கள். இரண்டாம் அலை உச்சத்தை எட்டியபோது சக ஆசிரியர்களின் இரங்கல் செய்திகளை வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கொன்றாகப் படித்தவர்கள் நம்மில் பலர்.

நான் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை. அந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கும் உடன் பணியாற்றியவர்களுக்கும் நேர்ந்தவற்றை வைத்து, இத்தகைய காலம் மீண்டும் வந்தால் என்ன செய்வது, அன்று தொடங்கிய சோர்வு இன்னும் விடாமல் இருந்தால் என்ன செய்வது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம் என்று கருதுகிறேன். தியானம் செய்யுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்று தொடங்கும் அறிவுரைகள் எனக்கு உதவவில்லை. தலைமேல் இருக்கும் மூட்டையை இறக்காமல் கழுத்து வலிக்குத் தைலம் தடவுவதைப் போன்றது அது. ஆகவே முதலில் சுமையையும், அடுத்து உடலையும், பிறகு மனத்தையும் பார்ப்போம்.

படி 1: உங்களுக்கு இருப்பது என்ன என்று பிரித்தறியுங்கள்

களைப்பு, பணிச்சோர்வு, மனச்சோர்வு நோய் ஆகிய மூன்றும் வேறு வேறானவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாக உறங்கி எழுந்தால் தீர்வது களைப்பு. பணிச்சோர்வு என்ற கருத்தை 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எழுத்தில் கொண்டுவந்தார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளப்பதற்கான வினாநிரலை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதைப் பணி சார்ந்த ஒரு நிலையாகவே சேர்த்திருக்கிறது, நோயாகச் சேர்க்கவில்லை. முறையாகக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்பதே அந்த நிறுவனம் தரும் விளக்கம். இதில் ஆசிரியர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: குறை பணியின் அமைப்பில் இருக்கிறது, உங்கள் குணத்தில் இல்லை.

அந்த வகைப்பாடு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. அவற்றை நம் வேலையின் மொழியில் மூன்று கேள்விகளாக மாற்றி, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறங்கி எழுந்த பிறகும் உடம்பில் சக்தி இல்லையா? பிள்ளைகள்மீதோ பாடத்தின்மீதோ பற்று விட்டுப்போய், "எப்படியோ போகட்டும்" என்ற எண்ணம் வந்திருக்கிறதா? நான் கற்பிப்பதால் யாருக்கும் எதுவும் ஏறவில்லை என்று தோன்றுகிறதா? இரண்டாம் கேள்விக்கான விடைதான் பலருக்கும் வெட்கத்தைத் தரும். இரவு பத்து மணிக்கு இயற்கணிதத்தில் சந்தேகம் கேட்டுக் குரல்பதிவு அனுப்பிய ஒரு மாணவன்மீது எனக்குக் கடுங்கோபம் வந்தது. பகலெல்லாம் அப்பாவுடன் வேலைக்குப் போய்விட்டு, அவர் கைபேசி கைக்கு வந்த பிறகு படிக்க உட்கார்ந்த பிள்ளை அவன். அந்தக் கோபம்தான் எனக்கான முதல் எச்சரிக்கை.

பணியை விட்டு விலகியிருக்கும்போதும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, பசியும் உறக்கமும் குலைந்துவிட்டன, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்றால் அது பணிச்சோர்வைத் தாண்டிய நிலையாக இருக்கலாம். அப்படியானால் இடைப்பட்ட படிகளுக்காகக் காத்திருக்காமல் நேராகப் படி 7க்குச் செல்லுங்கள்.

படி 2: ஏழு நாள் கணக்கு எழுதுங்கள்

பெருந்தொற்றில் பள்ளி வேலைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாமல் போனது. மணி அடிப்பது நின்றுவிட்டதால், எப்போது வேலை செய்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போயிற்று. எனவே ஒரு வாரம் முழுவதும், அரை மணிக்கு ஒரு வரி வீதம், என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். சமையலும், பிள்ளைகளின் இணைய வகுப்புக்கு உடன் அமர்வதும், முதியோரைக் கவனிப்பதும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆசிரியைகளில் பலர் இந்த வேலைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வார இறுதியில் ஒவ்வொரு வரிக்கும் அருகே மூன்றில் ஒரு குறியிடுங்கள்: பிள்ளைகளுக்குப் பயன்பட்டது, பதிவுக்காகச் செய்தது, யாருக்கும் பயன்படாதது. என் நோட்டில் இரண்டாம் வகை மிகுந்திருந்தது. ஒரே வருகை விவரத்தை வருகைப் பதிவேட்டிலும், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையத் தளத்திலும், தலைமையாசிரியர் கேட்ட கூகுள் படிவத்திலும், வாட்ஸ்அப் குழுவில் படமாகவும் நான்கு முறை தந்துகொண்டிருந்தேன். இந்தக் கணக்கு உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்வதற்கு உரியதன்று. படி 4இல் தலைமையாசிரியரிடம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய சான்று இது, பத்திரமாக வையுங்கள்.

படி 3: கைபேசிக்கு வேலி போடுங்கள்

கைபேசியே பள்ளியாக மாறியதுதான் அந்தக் காலத்தின் தனித்த துன்பம் என்பது என் எண்ணம். பால்காரரும் பெற்றோரும் வட்டாரக் கல்வி அலுவலகமும் ஒரே திரையில் வந்து நின்றார்கள். வகுப்பறைக்குக் கதவு உண்டு. வாட்ஸ்அப் குழுவுக்குக் கதவை நாம்தான் வைக்க வேண்டும்.

இயன்றால் பள்ளி வேலைக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கைபேசி ஒன்றும் குறைந்த விலைத் திட்டத்திலுள்ள சிம் ஒன்றும் போதும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், குறிப்பிட்ட நேரத்திற்குப் பிறகு வரும் செய்திகளுக்குத் தானாக மறுமொழி செல்லுமாறு அமைக்கலாம். வகுப்புக் குழுவில் "மாலை 7 மணிக்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு மறுநாள் காலை 9 மணிக்கு விடை தருகிறேன், அவசரமானால் அழைக்கவும்" என்று ஒருமுறை எழுதி, அச்செய்தியைக் குழுவின் மேற்பகுதியில் நிலைநிறுத்துங்கள். முதல் வாரம் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள். சொன்ன நேரத்தில் தவறாமல் விடை வருவதைக் கண்ட பிறகு, என் அனுபவத்தில், இரவு அழைப்புகள் தாமாகக் குறைந்தன. இரவில்தான் கைபேசி கிடைக்கும் பிள்ளைகளுக்குக் குரல்பதிவு அனுப்பிவைக்கும் உரிமை இருக்கட்டும். அதைக் கேட்கும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நேரலை வகுப்பின் அளவையும் கட்டுக்குள் வையுங்கள். மத்தியக் கல்வித் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறையே, 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளும், 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு நான்கு அமர்வுகளும் போதும் என்று வரம்பிட்டது. காலை 8 முதல் பகல் 2 வரை கால அட்டவணையை அப்படியே திரையில் ஓட்டச் சொல்லும் நிர்வாகத்திடம் எடுத்துக்காட்ட இந்த வரம்பு உதவும். பிள்ளைகளின் நலனுக்காக வகுக்கப்பட்ட அது ஆசிரியரையும் சேர்த்தே காக்கிறது.

படி 4: சுமையை எழுத்தில் வைத்துப் பேசுங்கள்

"ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது சார்" என்று சொன்னால் "யாருக்குத்தான் கஷ்டமில்லை டீச்சர்?" என்ற விடைதான் வரும், அப்படிச் சொல்லும் தலைமையாசிரியரும் அதே அலையில் அல்லாடிக்கொண்டிருப்பவர்தான். அதனால் உணர்வைச் சொல்லுமுன் கணக்கைச் சொல்லுங்கள். நோட்டைக் காட்டி, ஒரே விவரம் எத்தனை இடங்களில் பதிவாகிறது, அதற்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் போகிறது, எந்த ஒன்றை நிறுத்தினால் பிள்ளைகளுக்கு நட்டமில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கேட்பது ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கட்டும். தனியாகப் போவதைவிட அதே வகுப்பை எடுக்கும் இருவர் மூவராகச் சேர்ந்து போவது நல்லது. குறை கூறுபவர் என்ற பெயர் ஒருவர் தலையில் விழாது.

இதை வாசிக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலிருந்து வரும் எல்லாக் கோரிக்கைகளையும் வந்த நிமிடமே குழுவில் தள்ளிவிடாதீர்கள். ஒரு நாளில் ஒரே நேரத்தில், தேவையானவர்களுக்கு மட்டும், ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கும் விவரம் எது என்று பார்த்து நீக்கிவிட்டு அனுப்புங்கள். பாடம் எடுப்பவர் ஒருவர், பயிற்சித்தாள் தயாரிப்பவர் ஒருவர், தொடர்பில் இல்லாத பிள்ளைகளைத் தேடுபவர் ஒருவர் எனப் பிரித்துக்கொண்டால், மூவரும் மூன்று வேலைகளையும் அரைகுறையாகச் செய்யும் நிலை மாறும். அரசின் கல்வி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய பாடத்தை மறுபடியும் முழுமையாக நடத்தச் சொல்லாமல், அதைப் பார்த்துவிட்டு வரும் சந்தேகங்களுக்கு மட்டும் அமர்வு வைத்த பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது.

படி 5: தனியார் பள்ளி ஆசிரியர்கள் பணக் கவலையைத் தனியாக எடுத்துக் கையாளுங்கள்

சோர்வைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் முதற்கட்டமாக 40 விழுக்காடு கட்டணம் வசூலிக்க அனுமதித்தது. வருவாய் சுருங்கிய பள்ளிகளில் பாதிச் சம்பளமும், சில இடங்களில் சம்பளமே இல்லாத நிலையும் வந்தன. பட்டம் பெற்ற ஆசிரியர்கள் காய்கறி விற்றதும் நூறு நாள் வேலைக்குச் சென்றதும் செய்திகளாக வந்தன. வாடகை கட்ட வழியில்லாதவரின் உறக்கமின்மைக்கு மூச்சுப்பயிற்சியைப் பரிந்துரைப்பதில் பொருளில்லை.

பணி நியமன ஆணை, சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பதிவு, சம்பளக் குறைப்பு குறித்து வந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேமியுங்கள். வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்யப்படுகிறவராக இருந்தால் யுஏஎன் என்னும் உங்கள் வைப்பு நிதிக் கணக்கு அடையாள எண்ணைக் கொண்டு கணக்கைச் சரிபாருங்கள். 2020 மார்ச்சில் மத்திய அரசு, மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதை முன்பணமாக எடுக்க அனுமதித்தது. அடுத்த நெருக்கடியிலும் இத்தகைய அறிவிப்பு வருகிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை உண்டு. 2009இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் தனியார் பள்ளி ஆசிரியர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை உறுதி செய்தது. மன உளைச்சலின் உச்சத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலரை ஆண்டில் வெளியேறிய ஒருவரை நான் அறிவேன். கடிதம் எழுதுமுன் பணியில் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.

படி 6: உடலைச் சோதித்துப் பாருங்கள், துக்கத்திற்கும் இடம் கொடுங்கள்

சோர்வு எல்லாமே மனத்திலிருந்து வருவதில்லை. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை ஆகிய மூன்றையும் எளிய இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். அரசு மருத்துவமனையில் செலவின்றியே பார்க்கலாம். கொரோனா தொற்றிய மூன்று மாதங்களுக்குப் பிறகும் மூச்சிரைப்பு, மறதி, சிறு வேலைக்கே தளர்ந்துபோவது ஆகியவை இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால், அது தொற்றுக்குப் பிந்தைய பாதிப்பாக இருக்கலாம். அந்த நிலையில் உடற்பயிற்சியைக் கூட்டினால் சிலருக்கு நிலைமை மோசமாகும் என்பதால் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். முகக்கவசத்துக்குள்ளிருந்து நாள் முழுவதும் உரக்கப் பேசிக் குரல் கெட்டவர்கள் ஏராளம். மலிவான ஒலிபெருக்கிக் கருவியொன்றை இடுப்பில் மாட்டிக்கொள்வதும், பாடவேளைக்கு நடுவே தண்ணீர் குடிப்பதும் தொண்டையைக் காக்கும். மூன்று வாரத்திற்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உறங்கப் போகுமுன் கைபேசியை வேறு அறையில் வையுங்கள். எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரம் போதும்.

இனித் துக்கம். இறப்பு வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொள்வதும், பதினாறாம் நாள் கூடி உண்பதும் நம் மக்கள் துயரை ஆற்றிக்கொள்ள வைத்திருந்த வழிகள். 2021 மே மாதத்தில் அந்த வழிகளெல்லாம் அடைபட்டிருந்தன. பக்கத்து மேசையில் இருபது ஆண்டு அமர்ந்திருந்தவர் போய்விட்டார் என்ற செய்தி வந்த பத்தாம் நிமிடத்தில் வகுப்பைத் தொடங்கியிருக்கிறோம். அழாமல் விட்ட அந்தத் துக்கம்தான் பின்னாளில் சிடுசிடுப்பாகவும் வெறுமையாகவும் வெளிப்படுகிறது என்று நான் நம்புகிறேன். காலம் கடந்தும் செய்யலாம்: பள்ளி திறந்த பிறகு எங்கள் ஆசிரியர் அறையில், மறைந்தவரின் படத்தை வைத்து, ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு நினைவைச் சொல்லி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அவருடைய மனைவியும் மகளும் வந்திருந்தார்கள்.

பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகளுக்கான துயரமும் இதில் அடங்கும். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த பெண்ணுக்குத் திருமணம் முடிந்துவிட்டது, எட்டாம் வகுப்புப் பையன் பட்டறையில் இருக்கிறான் என்று கேட்கும்போது "நான் இன்னும் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாமே" என்று குத்தும். உங்களால் இயன்றது எது, அரசும் ஊரும் செய்ய வேண்டியது எது என்பதை நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். குழந்தைத் திருமணம் பற்றித் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது உங்கள் பத்தியில் வரும். ஒரு குடும்பத்தின் வறுமையைத் தீர்ப்பது வராது.

படி 7: எப்போது, எங்கே, எப்படி மருத்துவ உதவி பெறுவது

சுமையைக் குறைத்தும் உறக்கத்தைச் சீர்செய்தும், இரண்டு வாரத்திற்கு மேல் மனம் கீழே கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாநிரல், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை. இந்த எண் கதவைத் தட்டுவதற்கான காரணம் மட்டுமே. தற்கொலை எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றே பேசுங்கள்.

பேச வேண்டிய எண் 14416. டெலி மானஸ் என்னும் இந்த அரசு உதவி எண் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. நேரில் போக வேண்டுமானால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் இருப்பவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி பேசும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் முன்னால் அதைத் திருத்த வேண்டிய முதல் ஆட்கள் நாமே.

வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம் ஆசிரியர்களைக் கட்டிப்போடுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆணையிடுகிறது. மருந்து எழுதிக் கொடுத்தால் அதைப் பற்றிய ஐயங்களை மருத்துவரிடமே கேளுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் தேறியதும் தாமாக நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. மருத்துவ விடுப்பு தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத் தேர்வு நெருங்குகிறது, பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அந்த மூன்று மாதமும் நான் எடுத்த வகுப்புகளால் அவர்களுக்கு அதிகப் பயன் இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

படி 8: பள்ளி திறக்கும் நாளுக்குத் தயாராகுங்கள்

பள்ளி திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தோம். 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் திறந்தபோதுதான் சோர்வின் அடுத்த சுற்று தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் மறந்திருந்தது. நாற்பது நிமிடம் உட்கார முடியவில்லை. சிலர் பேசவே இல்லை. அதனால் முதல் மாதம் பாடத்திட்டத்தை முடிக்கும் இலக்கை வைக்காதீர்கள். முதல் வாரத்தில் ஒரு எளிய சோதனையால் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பத்துத் திறன்களை மட்டும் பட்டியலிட்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பாடப்பகுதிகள் குறைக்கப்பட்டிருந்தன; குறைத்ததையும் சேர்த்து நடத்திப் பெருமைப்பட்ட பள்ளிகளில் ஆசிரியரும் மாணவரும் ஒருசேரக் களைத்தார்கள். அந்த ஆண்டு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி போன்ற மாலை வகுப்புகளுக்குப் போகும் பிள்ளைகள் யார் என்று தெரிந்துகொண்டு, அங்கே கற்பிக்கும் தன்னார்வலரிடம் வாரம் ஒருமுறை பேசினால் பாதிச் சுமை பகிரப்படும்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அந்த நோட்டை எடுத்து, படி 1இன் மூன்று கேள்விகளுக்கும் புதிதாக விடை எழுதுங்கள். முதல் கேள்விக்கான என் விடை மருத்துவ விடுப்பு முடிந்த சில வாரங்களிலேயே மாறியது. இரண்டாவது மாற இன்னும் சில மாதங்கள் ஆயின. மூன்றாவது 2022 பிப்ரவரியில், ஒமைக்ரான் அலைக்காக மூடிய பள்ளி மறுபடி திறந்த பிறகுதான் மாறியது. இரவு பத்து மணிக்குக் குரல்பதிவு அனுப்பிய அந்தப் பையன் பத்தாம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். காரணிப்படுத்தும் கணக்கொன்றைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். ஓரிடத்தில் குறியை மாற்றிப் போட்டு, தானே கண்டு அழித்து, சரியாக முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அடுத்த கணக்கையும் அவனையே போடச் சொன்னேன்.